மௌனத்தில் பாடிய மங்களம்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.

மதிப்பிற்குரிய அத்திம்பேர் அவர்களுக்கு சேஷன் அநேக நமஸ்காரம். பத்மநாபன் கிருபையில் நானும் சூடாமணியும் சௌக்கியம். அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும். விஷ்ணுப்ரியாவும் சௌக்கியம் என்றுதான் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் பெண் என்னோடு பேசாததால் நிச்சயமாக எழுத முடியவில்லை.

அவளை நீங்கள்தான் சமாதானம் பண்ண வேண்டும். எனக்கும் நீங்கள் அத்திம்பேர், அவளுக்கும் அத்திம்பேர். உங்கள் பேச்சை மட்டும் கேட்பாள். பாங்க் வேலைக்கு நீண்ட லீவு போட்டுவிட்டு வீணையும் கையுமாக இருக்கிறாள் என்பது தெரியுமல்லவா? லீவு இந்த மாசத்தோடு சரி. சுகசயனம் ஃபவுண்டேஷன் இன்னொரு வருஷம் ஆதரவு கொடுத்தால் வீணை, இல்லாவிட்டால் பழையபடி பாங்க் கவுன்டர். அந்த ஆதரவை நான் வாயைத் திறந்து கெடுத்துவிட்டேன் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

சுகசயனம் என்பது மெத்தைக் கம்பெனி. முதலாளிக்கு மெத்தை விற்று அலுத்துப்போய், சங்கீதத்தைக் கொஞ்சம் காப்பாற்றலாமே என்று தோன்றியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பெருமாளே படுத்துக்கொண்டிருக்கிறவர், ஆகையால் மெத்தைக்காரர் கலைக்கு வந்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இருக்கிற கீர்த்தனையை வாசித்தால் ஒரு தலையணைகூடக் கிடையாதாம். 'சமகால சாஸ்திரீய சங்கீதம்'தான் வேண்டுமாம். நான் சவுக்க காலம் கேட்டிருக்கிறேன், மத்யம காலம் கேட்டிருக்கிறேன். சமகாலம் என்றால் கூட்டாமல் குறைக்காமல் ஒரே வேகத்தில் வாசிப்பது போலிருக்கிறது என்று நினைத்து, பக்கத்து வீட்டு பிரேமா மாமிக்கும் அப்படியே விளக்கிவிட்டேன். "அப்படீன்னா தூங்க சௌகரியமா இருக்கும்"னு மாமி சந்தோஷப்பட்டாள். உள்ளேயிருந்து விஷ்ணுப்ரியா, "அப்பா, சமகாலம்னா இந்தக் காலம், இப்போ புதுசாப் பண்றது"ன்னு தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்புறம் ஃபவுண்டேஷனிலிருந்து ஸ்வப்னா என்றொரு பெண் மைக்கோடு வந்தாள். விஷ்ணுப்ரியா புதுசாகப் பண்ணும் உருப்படிக்கு ஊரின் சத்தமெல்லாம் வேண்டுமாம். பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தத்தைப் பிடித்தார்கள். ஒரு சில்லு தெறித்து மைக்கில் பட்டதைக் கேட்டுப் புல்லரித்தார்கள். எங்காத்து மிக்ஸியையும் விடவில்லை. துவையல் ஆயிடுத்துன்னு சூடாமணி நிறுத்தப் போனால், "ஐயோ, நிர்த்தல்லே ஆன்ட்டி!"ன்னு ஸ்வப்னா கையைப் பிடித்துக் கெஞ்சுகிறாள். அன்றைக்குத் துவையல் பசையாகிவிட்டது. கலைக்காக அதையும் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. ஹாலில் நாற்காலியே இல்லை, எல்லாம் அவர்கள் மெத்தை. என் பழைய ஆபீஸ் நண்பர்கள் மரியாதைக்கு வந்தவர்கள், ஆரம்பத்தில் சம்மணம் போட்டார்கள், பிறகு சாய்ந்தார்கள், பிறகு சாய்ந்ததும் போதவில்லை. விஷ்ணுப்ரியா வாசித்தாள் அத்திம்பேர், புரியாவிட்டாலும் கை சுத்தம். நடுவில் ஸ்பீக்கரில் தேங்காய் உடைந்ததும் பிரேமா மாமி எழுந்து பக்தியோடு தலையில் குட்டிக்கொண்டாள். அதுவரை எல்லாம் நன்றாகவே போயிற்று. திடீரென்று குழந்தை தந்தியிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். சத்தமே இல்லை. காத்துக்கொண்டே இருக்கிறோம், ஒன்றுமே இல்லை. சின்ன வயசில் நவராத்திரிக்குக் கோவிலில் பாதி வர்ணத்தில் மறந்துபோய் இப்படித்தான் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். மறுபடியும் மறந்துவிட்டாள் என்று பயந்துபோனேன். முதலாளி முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், ஒருத்தரும் உதவிக்கு வரவில்லை. எந்தக் கச்சேரி எப்படித் தடுக்கினாலும் மங்களம் பாடினால் மானம் பிழைக்கும் இல்லையா? நான் உரக்க மங்களம் ஆரம்பித்துவிட்டேன். மாமி சேர்ந்துகொண்டாள், ஆபீஸே சேர்ந்துகொண்டது. மங்களம் கேட்டபின் உட்காருகிற வழக்கம் நம்மவர்களுக்கு ஏது? ஒருத்தரை ஒருத்தர் பிடித்து மெத்தையிலிருந்து தூக்கிவிட்டு, நான் முடிப்பதற்குள் பாதிப் பேர் வாசலில் வைத்திருந்த வடைக்குப் போய்ச் சேர்ந்தாச்சு.

அது மறதி இல்லையாம். மௌனமாம். உருப்படியின் உயிரே அதுதானாம், மாசக்கணக்கில் யோசித்து வைத்ததாம். வாசிக்காமல் இருக்கறதுக்கு எதுக்குடி சாதகம்னு கேட்டேன், அதுவும் தப்பு. "என் மௌனத்தைக் கெடுத்துட்டே அப்பா"ன்னு சொன்னவள்தான். அன்றைக்கு அவள் தொடங்கிய மௌனம் இன்னும் முடியவில்லை, இதற்கு மங்களம் பாடவும் எனக்கு பயமாக இருக்கிறது.

ஆகையால் தயவுசெய்து அவளைப் போனில் கூப்பிட்டு, பாங்குக்கே போகச் சொல்லுங்கள். வேண்டாம், அதைச் சொல்லாதீர்கள். வீணையைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள், பார்க்க மனசு கேட்கவில்லை. மெத்தைக்காரருக்கு நீங்களே ஒரு வரி போடுங்கள்: தப்பு கிழவனுடையது, குழந்தையைத் தண்டிக்காதீர்கள் என்று.

அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம். ஆத்தில் எல்லோரையும் ரொம்ப விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் ஒரு வார்த்தையில்தான் இந்த வீட்டில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
சேஷன்

பி.கு.: போன் பண்ண வேண்டாம். மேலே எழுதியதை மடித்து வைத்துவிட்டு ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு வந்தால், கூடத்தில் ஸ்வப்னா. "அங்கிளின்டெ என்ட்ரி கிடிலம்!" என்கிறாள், பிரமாதமாம். மௌனத்தின் கர்ப்பத்திலிருந்து மரபு தானாகவே எழுந்து நின்றது என்று முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். இன்னொரு வருஷம் ஆதரவு உண்டு. நிபந்தனை ஒன்றுதான்: எந்த ஊரில் வாசித்தாலும் நான் கூட்டத்தில் உட்கார்ந்து அதே தப்பைப் பண்ண வேண்டும். விஷ்ணுப்ரியா பேசிவிட்டாள். இப்போதுதான் முதல் ஒத்திகை ஆயிற்று. அவள் கையை எடுத்தாள், நான் பாடினேன், உதட்டைப் பிதுக்கிவிட்டாள். "சரியா வரலைப்பா. அன்னிக்கு நிஜமாவே பயந்தே. இப்போ நான் மறக்க மாட்டேன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்கிறாள். ஆகவே பயப்படுவதற்குச் சாதகம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.