சீமெந்தில் பதிந்த வலது கால்

நான் அடக்கமான ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் எனக்குக் கல்யாணம் பேசப்பட்டதே நான் அடக்கமானவன் என்ற நம்பிக்கையில்தான். "பொடியன் நிலத்தைப் பார்த்துத்தான் நடப்பான், ஒரு பொம்புளப் புள்ளய நிமிந்து பார்க்கமாட்டான்" என்று தரகர் மட்டக்களப்பிலிருந்து தேற்றாத்தீவு வரைக்கும் போய்ச் சொல்லியிருந்தார். நிலத்தைப் பார்த்து நடந்தது உண்மை. காரணம்தான் வேறு. பார்க்காவிட்டால் என் கால்கள் எங்கே நிற்கின்றன என்று எனக்கே தெரியாது.

பதினைந்து வயதில் தொடங்கிய வினை அது. முதலில் கால்விரல்கள் மரத்தன, பிறகு பாதம் முழுவதும். வர வர விரல்கள் சுருண்டு, நடுப்பாதமும் வளைந்துகொண்டு வந்தது. செருப்புக் கழன்று தெருவில் கிடக்க, ஒற்றைச் செருப்போடு பஸ் நிலையம் வரை போயிருக்கிறேன். ஒருநாள் வாவியில் குளித்துவிட்டுக் கரையேறியபோது கூட்டாளிகள் அலறினார்கள். என் சுண்டுவிரலைக் கவ்வியபடி ஒரு நண்டு கூடவே வந்திருந்தது. (அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கறி வைத்தோம். ருசி மோசமில்லை.) சித்திரை வெயிலில் கடற்கரை மணலில் மற்றவர்கள் துள்ளித் துள்ளி ஓட, நான் ராசா மாதிரி நடந்து போவேன். ஊரில் எனக்கு வீரன் என்று பெயர். அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

திருத்தாததற்குப் பயமும் ஒரு காரணம். உணர்ச்சியில்லாத கால் என்றால் அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே வியாதிதான் ஞாபகம் வரும். குட்டநோயாளர்களை வைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி வாவிக்கு நடுவே ஒரு தீவில் இருந்தது. வள்ளத்தில் அங்கே போனவர்களைப் பற்றி வீட்டுக்காரர்கள் கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். நானும் அங்கேதான் போவேனோ என்று பல வருடம் உள்ளுக்குள் நடுங்கியிருக்கிறேன். கடைசியில் கந்தோரில் கிளாக்கர் வேலை கிடைத்து, முதல் லீவில் கொழும்புக்கு ரயில் ஏறி ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினேன். அவர் ஊசியால் குத்தினார், சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். "இது அந்த நோயில்லை. நரம்புக் கோளாறு, குடும்பவழியாக வருவது. யாருக்கும் ஒட்டாது. மருந்தும் இல்லை. பார்த்து நட" என்று சொல்லி, அதையே ஆங்கிலத்தில் ஒரு கடிதமாக எழுதித் தந்தார். அன்று முதல் அந்தக் கடிதம் என் சேட்டுப் பையில் இருந்தது. ஒருவருக்கும் காட்டவில்லை. காட்டினால், ஏன் கொழும்புக்குப் போனாய் என்று கேட்பார்களே.

இந்த நிலையில்தான் றெஜினாவின் சம்பந்தம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ரீச்சர். படத்தைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. கால் விசயத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் என் தாய்மாமனும் முடிவுசெய்தோம். (இரண்டு முழு ஆண்பிள்ளைகள் சேர்ந்து எடுத்த முடிவு இது.)

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குப் போவான். அதனால் பெண் பார்க்கப் போகும்போதே வீட்டையும் பார்ப்பது வழக்கம். றெஜினாவின் வீட்டில் வேலை கடைசிக் கட்டத்தில் இருந்தது. ஓட்டமாவடியிலிருந்து வந்திருந்த மேசன் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்) அன்று காலையில்தான் மண்டபத்துக்குச் சிவப்புச் சீமெந்து போட்டு மினுக்கி முடித்திருந்தார். சுவரோரம் ஒரு முழ அகலத்தைப் பூசாமல் விட்டு, உள்ளே போகிறவர்களுக்காக அதில் பலகை போட்டிருந்தார். இது எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. "பலகையால வாங்க" என்று பெண்ணின் அப்பா வாசலில் நின்று சொன்னதைக் காதால் கேட்டேன்.

ஆனால் தெருப் படலையைத் திறக்கும்போதே மாமா வேறு ஒன்றைச் சொல்லியிருந்தார். "டேய், இண்டைக்காவது நிமிந்து நட. குனிஞ்சிக்கிட்டுப் போனா களவெடுக்க வந்தவன் எண்டு நினைப்பாங்க."

நிமிர்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு மாமாவுக்குப் பின்னால் பலகையில் கால் வைத்தேன். அதே நேரம் எதிரே அறையின் திரை விலகி, நீலச் சாரியில் றெஜினா வந்து நின்றாள். படத்தை விட நல்லாயிருந்தாள். நான் அவளையே பார்த்தபடி நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவள் கண்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. கை வாய்க்குப் போனது. வெட்கம் என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, நான் பெரிய அழகன் என்ற எண்ணமும் இருந்தது. கொஞ்சம் சிரித்தேன்.

"அல்லாவே! தம்பி! பலகையில ஏறுங்க!" என்று மேசன் காக்கா பின்பக்கமிருந்து கத்தினார்.

"பலகையிலதானே நிக்கிறன்" என்றேன் நான், கம்பீரமாக.

மேசன் காக்கா என் காலைக் காட்டினார். குனிந்து பார்த்தேன். மண்டபத்தின் நட்ட நடுவில், விரல்கள் புதையச் சீமெந்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். நான் நின்றதையும் சேர்த்து ஏழு காலடிகள் பலகையை விட்டுச் சரிவாகக் கிளம்பி, நேரே றெஜினாவை நோக்கி வந்திருந்தன. கண்ணைக் கட்டிவிட்ட மாடு கூட ஈரத்தில் கால் வைத்தால் நின்றிருக்கும்.

வந்த காலடிகளிலேயே பலகைக்குத் திரும்பவைத்து, மாமா என்னை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். சீமெந்து தோலைத் தின்றுவிடும் என்று மேசன் காக்காவே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். சிவப்புச் சீமெந்து முழுவதும் கழுவப்பட்டுப் போன பிறகும் தண்ணீர் சிவப்பாகவே ஓடியது, இரத்தம். பலகையிலிருந்த சின்ன ஆணி ஒன்று என் குதிக்காலில் ஏறியிருந்தது. நான் அதைக் கண்டதும் மற்றவர்கள் கண்டபோதுதான்.

"ஈரம் குளிரல்லையா மனே உங்களுக்கு?" என்று றெஜினாவின் அம்மா கேட்டார்.

"புள்ளயப் பார்த்த சந்தோசத்தில பொடியனுக்கு ஒண்டும் விளங்கல்ல" என்றார் மாமா அவசரமாக.

"சந்தோசத்தில ஆணி ஏறினதும் தெரியாதா?" என்று கேட்ட றெஜினாவின் அப்பா ஓரடி பின்னால் நகர்ந்தார். நல்ல மனிதர் அவர். வேண்டுமென்று நகரவில்லை. ஆனால் பத்து வருடமாக நான் பயந்துகொண்டிருந்தது அந்த ஓரடிக்குத்தான். ஆணியில் வராத வலி அதில் வந்தது.

மாமா அடுத்த பொய்க்கு வாய் திறந்தார். நான் கடிதத்தை எடுத்துவிட்டேன். வியர்வையில் நனைந்து, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அப்பாவுக்கு இங்கிலீசு வராது. வாங்கி மகளிடம் நீட்டினார். அவள் கிணற்றடியில் நின்று, பிள்ளைகளின் கொப்பி திருத்துகிற மாதிரி அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்பா, இது நீங்க நினைக்கிற வருத்தமில்ல. நரம்புதான். ஒட்டாது" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கடிதம் எழுதி நாலு வருசம். ஏன் சொல்லல்ல?"

"பயத்தில."

"நமக்குப் பிறக்கிற புள்ளைக்கும் வருமா?"

"வரலாம் எண்டு டாக்டர் சொன்னவர். வராமலும் போகலாம்" என்றேன். அன்று நான் சொன்ன முதல் முழு உண்மை அதுதான். எல்லாம் முடிந்தது என்று நினைத்து, திரும்பிப் போகச் செருப்பைத் தேடினேன்.

மேசன் காக்காவுக்கு அவருடைய கவலை. "புள்ள, காயிறதுக்கு முந்தி இந்தக் காலடியளை மூடிப்போடவா?"

"ஆறை மூடுங்க காக்கா. ஒண்டை அப்பிடியே விடுங்க."

"என்னகா, விசரா உனக்கு?" என்றார் அவளுடைய அம்மா.

"வீடு எனக்குத்தானே கட்டுறீங்க? இனி இவர் என்னட்ட எதையும் மறைச்சா, கூட்டிக்கொண்டு வந்து காட்டுறதுக்கு ஒண்டு வேணும்."

அந்த 'இனி' எனக்கு உடனே விளங்கவில்லை. மாமாவுக்கு விளங்கிவிட்டது. கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார்.

கல்யாணம் நடந்தது. மூன்று பிள்ளைகள். அந்த வலது காலடி இன்றைக்கும் மண்டபத்தில் இருக்கிறது. விரல்கள் சுருண்டு, நடுப்பாதம் வளைந்து, அச்சடித்த மாதிரி. எங்கள் வீட்டில் யாராவது பிழையான விசயத்தை அடித்துச் சொன்னால், மற்றவர்கள் ஒரே குரலில் "பலகையிலதானே நிக்கிறன்" என்பார்கள். நான் சொல்வதெல்லாம் பிழை என்பது அவர்கள் கருத்து, ஆகவே அதிகம் கேட்பவனும் நான்தான்.

நடு மகளுக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது, அவள் நிலத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். ஊரார் அடக்கமான பிள்ளை என்றார்கள். எனக்குக் காரணம் விளங்கிவிட்டது, ஆனாலும் அவளிடம் கேட்கப் பயந்தேன். றெஜினாதான் ஒரு பின்னேரம் அவளைக் கூட்டிவந்து, அந்தக் காலடிக்குள் அவள் காலை வைக்கச் சொன்னாள். அளவுதான் சின்னது. வளைவு அதே வளைவு. பிள்ளை அழுதாள், நானும் அழுதேன். றெஜினா எங்கள் இருவரையும் நிலத்தில் இருத்தி, நீலச் சாரியிலிருந்து கதையைத் தொடங்கினாள். நான் கம்பீரமாகப் பதில் சொன்ன இடம் வந்தபோது மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

இப்போது அவள் வேறு ஊரில், சொந்தப் பிள்ளைகளோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் எடுப்பாள். "கவனமா நடக்கிறியா மகள்?" என்று கேட்பேன்.

"பலகையிலதானே நிக்கிறன் அப்பா" என்பாள்.

குசினிக்குள்ளிருந்து உடனே றெஜினாவின் குரல் வரும். "முதல்ல குனிஞ்சு பார்க்கச் சொல்லுங்க!"