நடு ஆற்றில் ஒரு சிவப்பு நாற்காலி

ஆறுகளை அளந்து சம்பளம் வாங்கியே தலை நரைத்தவன் நான். எங்கே மழை பெய்தால் எந்தப் பாலத்துக்கு எப்போது தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் உத்தியோகம். அப்படிப்பட்ட என்னை நடு ஆற்றிலிருந்து ஜேசிபி வண்டியின் வாளியில் அள்ளிக் கரைசேர்த்தார்கள். இதை என் வாயாலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் இன்னும் கூட்டித்தான் சொல்வார்கள்.

ஓய்வு பெற்றதும் திருச்சியை விட்டு வெள்ளாற்றங்கரையில் இருக்கும் இந்தப் பழைய ஊருக்கு வந்தோம். சுவரெல்லாம் கல்வெட்டு நிறைந்த கோயில், ராஜா காலத்துப் படித்துறை, படித்துறையில் ராஜாக்களைப் போலப் படுத்திருக்கும் ஆடுகள். எங்கள் வீட்டின் பின்கதவைத் திறந்தால் ஆறு. ஆறு என்றால் மணல். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வெள்ளாற்றில் மணல்தான் இருக்கும். அதுவும் ஓடாது, கிடக்கும்.

என் மனைவி மரகதத்துக்கு இந்த ஏற்பாட்டில் துளியும் இஷ்டமில்லை. சென்னையில் மகன் செந்தில் வீட்டில் பேத்தியோடு இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வந்த முதல் நாள் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆத்தங்கரைன்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க? ஆறு எங்கிட்டுங்க இருக்கு?" என்றாள். கடைசியில் செந்தில்தான் ஒரு சமரசம் செய்துவைத்தான். ஒரு வருடம் இருந்து பார்ப்பது. அதற்குள் ஏதாவது ஏடாகூடம் நடந்தால், மறுபேச்சு இல்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு சென்னை. நானும் ஒப்புக்கொண்டேன். காய்ந்த மணலில் என்ன ஏடாகூடம் நடந்துவிடப் போகிறது?

அவளுக்கு இங்கே பொழுது நகரவில்லை, எனக்கோ போதவில்லை. காலையில் கோயில் பிராகாரத்தில் நின்று கல்வெட்டைத் தப்பும் தவறுமாகப் படிப்பேன். சாயங்காலம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்குவேன். நடு ஆற்றில் சற்று உயரமான மணல்திட்டு ஒன்று உண்டு. அதில் நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி, மேற்கே சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். (வேலையில் இருந்த காலம் முழுவதும் சூரியன் மறைவதை ஆபீஸ் ஜன்னல் கம்பி வழியாக மட்டுமே பார்த்தவன் நான்.) அந்த வழியாக ஆடு ஓட்டிப் போகிறவர்கள் கேட்பார்கள்:

"என்ன சார், ஆத்த அளக்குறீங்களா?"

"அளந்துட்டேன்ப்பா. நேத்து இருந்தது அப்படியே இருக்கு."

இந்த சுகத்தில் ஒரே ஒரு முள், அமல்ராஜ். என்னோடு வேலை பார்த்தவர், ஆவூர்ப் பக்கத்துக்காரர், இப்போது காவிரிக் கரையில் ஒரு மாடியில் குடியிருக்கிறார். வாரம் தவறாமல் போன் செய்வார்.

"சார், எங்க காவிரியில ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணி போகுது. ஒங்க ஆத்துல என்ன போகுது?"

"மாட்டு வண்டி போகுது" என்பேன். வேறு என்ன சொல்ல?

அந்த ஐப்பசியில் மேற்கே நல்ல மழை. ஒருநாள் மதியம் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. "மேற்கே கண்மாய்கள் நிரம்பி வழிவதால் வெள்ளாற்றில் எந்நேரமும் தண்ணீர் வரலாம். பொதுமக்கள் யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம்." அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பழைய நண்பனின் குரலைக் கேட்ட மாதிரி இருந்தது. இதே வாசகத்தை நானே எத்தனையோ முறை எழுதி அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் எப்போது வரும் என்று எங்களுக்கே தெரியாதபோதுதான் 'எந்நேரமும்' என்று எழுதுவோம். எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போவோம். ஊரே பயப்படலாம், எழுதியவன் பயப்படலாமா?

நாற்காலியைத் தூக்கினேன். மரகதம் வாசலை மறித்தாள்.

"ஆட்டோவுல கத்திக்கிட்டுப் போறாங்களே, காதுல விழலையா?"

"அது கடமைக்குச் சொல்றது. இவ்வளவு மணல் இருக்கே, முதல்ல அது தண்ணியக் குடிக்கணும். அது குடிச்சு முடிச்சு மிச்சம் வர்றதுக்கு நாளைக்குச் சாயங்காலம் ஆகும். எனக்குத் தெரியும்."

"அப்ப சரி, போயிட்டு வாங்க. நாற்காலிய மட்டும் வச்சிட்டுப் போங்க."

"ஏன்?"

"அது புதுசு."

நாற்காலியோடுதான் போனேன். உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், மேற்கே மணல் நிறம் மாறியது. பழுப்பாக, நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, ஒரு நாக்கு மாதிரி தண்ணீர் வந்தது. சத்தமே இல்லை. என் கணக்கு ஒருநாள் பிசகிவிட்டது என்ற வருத்தத்தைவிட, என் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்ற சந்தோஷம் பெரிதாக இருந்தது. உடனே அமல்ராஜை வீடியோவில் கூப்பிட்டேன்.

"பாருங்க சார், பாருங்க! எங்க ஆத்துல என்ன போகுதுன்னு பாருங்க!"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சந்தோஷம் சார். முன்னாடி வர்றது இருக்கட்டும். ஒங்களுக்குப் பின்னாடி ஓடுதே, அது என்ன?"

திரும்பினேன். எனக்கும் கரைக்கும் நடுவே இருந்த பள்ளத்தில், நான் நடந்து வந்த அதே வழியில், செம்மண் தண்ணீர் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளம் முதலில் கரையோரப் பள்ளத்தில்தான் இறங்கும், நடுத்திட்டில் நிற்பவனுக்குக் கடைசியில்தான் தெரியும் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் கரும்பலகையில் படம் போட்டுப் பாடம் நடத்தியவன் நான். திட்டின் மேல் ஒரு மனிதனையும் வரைவேன். அவனுக்கு நாற்காலி மட்டும் போட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது.

"சார், போன வச்சிட்டுக் கத்துங்க சார்!" என்று அமல்ராஜ் கத்தினார். கத்தினேன். படித்துறைக்குப் பக்கத்துப் பாலத்தில் ஒரு பஸ் நின்றது. அதிலிருந்தவர்கள் எல்லாம் இறங்கிக் கைப்பிடிச் சுவரில் வரிசை கட்டினார்கள். படித்துறைக்கும் ஆட்கள் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு யோசனை. "தேர்வடத்த எடுத்துட்டு வாங்கப்பா!" "சார், நாற்காலி மேல ஏறி நில்லுங்க!" கடைசி யோசனையை மட்டும்தான் என்னால் செய்ய முடிந்தது. ஏறி நின்றேன். ஈர மணலில் நாற்காலியின் ஒரு கால் புதைந்து, அது ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதோடு சேர்ந்து நானும் சாய்ந்து நின்றேன்.

மரகதம் படித்துறைக்கு ஓடி வந்தாள். அவ்வளவு இரைச்சலிலும் அவள் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது.

"நாளைக்குச் சாயங்காலமா? நாளைக்குச் சாயங்காலமாங்க?"

படித்துறையே சிரித்தது. அடுத்த கணம் அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கப் பார்த்தாள். எதிர்வீட்டு பாக்கியம் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு நின்றுபோனது. தண்ணீர் நாற்காலியின் இருக்கையைத் தொட்டது.

பாலத்தடியில் கருவேலம் புதர்களை வாரிக்கொண்டிருந்த ஜேசிபி ஒன்று கரைச் சரிவில் இறங்கியது. யாரும் அதைக் கூப்பிடவில்லை. டிரைவர் ராசு முன்னால் இருந்த பெரிய வாளியை உயர்த்திப் பிடித்தபடி, தண்ணீருக்குள் தட்டுத்தடுமாறி ஓட்டி வந்தார். என் பக்கத்தில் வாளியை இறக்கினார்.

"ஏறுங்கய்யா, வெரசா ஏறுங்க!"

"நாற்காலி..." என்றேன். (ஆமாம், அப்போதும் அதைத்தான் சொன்னேன். வீட்டில் கேட்பார்களே.)

"அதுக்கு வேற வண்டி வரும், நீங்க ஏறுங்கய்யா!"

ஏறினேன். வாளி மேலே போயிற்று. தண்ணீருக்கும் ஜனங்களுக்கும் மேலே, பழுப்பு இரும்புக்குள் வேட்டி நனைந்து நான் உட்கார்ந்திருந்தேன். படித்துறையிலிருந்து யாரோ, "சாமி பொறப்பட்டாச்சு டோய்!" என்று குரல் கொடுத்தார்கள். பயத்தில் என் இரண்டு கையும் தானாகக் குவிந்தன. கீழே இருந்தவர்களில் சிலர் பதிலுக்குக் கும்பிட்டார்கள். இதெல்லாம் பாலத்தில் நின்றவர்கள் எடுத்த வீடியோவில் இருக்கிறது.

கரையில் ராசுவுக்கு யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். பக்கத்தில் போய் நன்றி சொன்னேன்.

"அதெல்லாம் எதுக்குங்கய்யா. நடுவுல ஒரு எடத்துல டயர் சறுக்குச்சு. அப்பத்தான் பயந்துட்டேன். எனக்கும் நீச்சல் தெரியாது."

என் அசட்டுத்தனத்தைப் பார்த்து ஊர் சிரித்ததில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. என் பெருமைக்காக ராசு அந்த டயர் சறுக்கிய இடத்தைத் தாண்டி வர வேண்டியிருந்ததே, அதை நினைத்தால் மட்டும் இன்னமும் சாப்பாடு இறங்காது.

மறுநாள் காலை செந்தில் வந்து நின்றான். வீடியோ அவனுக்கு எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

"அப்பா, பேச்சு பேச்சா இருக்கணும். கிளம்புங்க."

கோயிலையும் ஆற்றையும் மனதுக்குள் கும்பிட்டுவிட்டுப் பெட்டியை எடுத்தேன். மரகதம் ஆசைப்பட்ட சென்னை. இனி அவளுக்காகவாவது போக வேண்டியதுதான்.

ஆனால் பெட்டியை வைக்க வீட்டில் இடமில்லை. கூடம் முழுக்க ஆட்கள். பாக்கியம் சுக்குக் கஷாயத்தோடு வந்திருந்தாள். ஒருவர் என் செருப்பில் ஒன்றைக் கண்டெடுத்துக் கொண்டுவந்திருந்தார். மற்றவர்கள் என்னைத் திட்டுவதற்கென்றே வந்திருந்தார்கள். "படிச்ச மனுசன் செய்யிற வேலையா சார் இது?" அத்தனை பேருக்கும் மரகதம் காபி கலந்துகொண்டிருந்தாள். முன்பின் பேசியிராத பெண்களெல்லாம் அடுப்படிக்குள் புகுந்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு களையை இந்த ஊருக்கு வந்து நான் பார்த்ததே இல்லை.

"அம்மா, துணிமணி எடுத்து வச்சாச்சா?" என்றான் செந்தில்.

அவள் டிகாக்‌ஷனை ஊற்றியபடியே சொன்னாள்.

"போன தடவ ஒன் வீட்டுக்கு வந்தப்ப இவரு லிப்டுல மாட்டிக்கிட்டாரே, ஞாபகம் இருக்கா? கதவப் போட்டுத் தட்டுறாரு. ஒன் பக்கத்து வீட்டுக்காரரு கேட்டுக்கிட்டே படியில எறங்கிப் போனாரு. இங்க, பேருகூடத் தெரியாத புள்ள ஆத்துல எறங்குச்சு. இந்த மனுசன் எங்க போனாலும் மாட்டத்தான் போறாரு. மாட்டுறவரு இங்கயே மாட்டட்டும்."

செந்தில் காபியைக் குடித்துவிட்டுத் தனியாகத்தான் ஊருக்குப் போனான். ஒரு வருடக் கெடுவைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு நாற்காலி பாலத்துக்கு அப்பால் ஒரு கருவேல மரக் கவட்டையில் தலைகீழாகச் சிக்கியிருந்தது. எடுக்கப் போனவர்களை ஊர்க்காரர்கள் தடுத்துவிட்டார்கள். இப்போது அதுதான் எங்கள் ஊரின் அளவுகோல். "இந்த வருஷம் தண்ணி நாற்காலியத் தொட்டுச்சா?" என்று புதுக்கோட்டை பஸ்ஸில்கூடக் கேட்கிறார்கள். அமல்ராஜும் வாரம் தவறாமல் கேட்கிறார். என் பேத்தி, நான் எதற்காவது "எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தால் போதும், "நாளைக்குச் சாயங்காலமா தாத்தா?" என்கிறாள்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்த ஆட்டோ வருகிறது. "வெள்ளாற்றில் எந்நேரமும் தண்ணீர் வரலாம். பொதுமக்கள் யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம். நாற்காலி போட்டு உட்காரவும் வேண்டாம்." எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் ஆட்டோ சற்று நின்று, கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போகும். அடுப்படியிலிருந்து மரகதத்தின் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

அந்த வரியை எழுதிக் கொடுத்தது நான்தான்.