கம்பைலரோடு மல்லுக்கு நின்றவன்

தன் தப்பை ஒத்துக்கொள்ளாத ஜென்மங்கள் சங்கம் வைத்தால், ஆயுள் தலைவர் எங்கள் ‘கம்பைலர்’தான். திருப்பதி ஹாஸ்டலில் என் ரூம்மேட், நகரிக்காரன். அவன் எழுதும் ஃபோர்ட்ரான் புரோகிராம் எப்போதும் சரி. அதைக் கணினி பாஷைக்கு மாற்றும் கம்பைலர்தான் தப்பு. அலிபிரி பஸ்ஸைத் தவறவிட்டாலும், “கம்பைலர் தப்புடா” என்பான். பேர் ஒட்டிக்கொண்டது.

கூட்டல் குறி, கழித்தல் குறியெல்லாம் துரைக்குப் போதாது. ஃபோர்ட்ரானில் இரண்டு புள்ளிக்கு நடுவே பேர் வைத்து நாமே புதுக்குறி உண்டாக்கலாம். விடுவானா? வீட்டில் தறி ஓடியதால் நெடுக்கு நூல், குறுக்கு நூல் பேரில் ‘பாவு’, ‘ஊடை’ என்று வைத்தான். எதை முதலில் கணக்கிடணும் என்று காட்டும் அடைப்புக்குறி மட்டும் போடமாட்டான். விடை கோணலாக வரும்.

“போட்டுத் தொலையேன்டா!”

“நான் இன்னாத்துக்குப் போடணும்? கம்பைலருக்கு புத்தி வாணாவா?”

அவன் புராஜெக்டையே சார் திருப்பிவிட்டார். குறிகளை எடுத்தால் பாஸ். “ஃபெயிலானாலும் ஆவேன், எடுக்கமாட்டேன்” என்றான். ஆனான். கழுதைக்கு வேண்டும்!

அப்போது அமெரிக்காவுக்கு ஆள் பிடிக்க ஒரு கம்பெனி காலேஜுக்கே வந்தது. மறுநாள் காலை என் சுவர்ணமுகி ஆற்று வெள்ளக் கணக்குப் புரோகிராமை ஓட்டிக் காட்டினால் வேலை. கேடுகாலம், அவன் குறிகளை அதில் சேர்த்திருந்தேன். ஓட்டினால், ஆறு மலைமேல் ஏறுகிறது! தண்ணியே வராத ஆறு, அதற்கு இந்தக் கொழுப்பு. அடைப்புக்குறி போட்டேன், அப்போதும் ஏறியது.

“பாவி, என் பொழப்புல மண்ணப் போட்டியே!”

அதே கணக்கை அவன் குட்டியாக இரண்டு விதமாய் எழுதினான். குறி இல்லாமல் சரியான விடை, குறியோடு, அடைப்பு போட்டும் தப்பு. நிஜமாகவே கம்பைலர் தப்பு! அவன் இளிப்பைப் பார்த்ததும் அறையலாம் போலிருந்தது.

“பாத்தியா? எத்தினி நாளா சொல்லிக்கினு கீறேன்!”

“சரிடா மகராசா. நாளைக்கு நான் இன்னாத்த காட்றது?”

இளிப்பு போய்விட்டது. கீபோர்டை இழுத்து, என் புரோகிராமில் இருந்த தன் பாவையும் ஊடையையும் ஒவ்வொன்றாய் அவனே பிடுங்கினான். எல்லாவற்றையும் சாதாரண ஃபங்ஷனாக மாற்றினான். முகம் மட்டும் சாவு வீட்டுக்காரன் முகம்.

“போய் துன்னு. ஆறு ஒழுங்கா எறங்கிக்கினு கீது.”

வேலை கிடைத்தது. அமெரிக்காவில் பணிவானவர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். எனக்காகத் தோற்றுப்போனவன் அந்தத் திமிர் பிடித்தவன் ஒருத்தன்தான்.