கரடி மன்னனும் ஆராய்ச்சி வாசகிகளும்

"நான் இதை ஆராய்ச்சிக்காகத்தான் படிக்கிறேன்" என்று சொல்லும் ஓர் இனம் மனித குலத்தில் உண்டு. நீங்கள் பார்த்ததில்லை என்றால் மினசோட்டாவில் எங்கள் ஊர் நூலகத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வாருங்கள். புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்த இனத்தைத் தூரத்தில் வரும்போதே நடையை வைத்துச் சொல்லிவிடுவேன்.

முதலில் அவர் 'கரடி மன்னன்' நாவல்கள் இருக்கும் அலமாரிப் பக்கம் போகவே மாட்டார். தோட்டக்கலைக்குப் போவார், தக்காளிச் செடியைப் பற்றி ஒரு புத்தகம் எடுப்பார், அப்படியே நடந்து நார்வேயிலிருந்து குடிபெயர்ந்தவர்களின் வரலாற்றில் தடியாக ஒன்றைத் தூக்குவார், ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து மழை வருமா என்று யோசிப்பார், பிறகு ஏதோ கால் தானாக இழுத்துக்கொண்டு போனதுபோல அந்த அலமாரிக்கு வந்து சேருவார். மேசையில் வைக்கும்போது தக்காளி மேலே இருக்கும், நார்வே கீழே இருக்கும். நடுவில் என்ன? அதுதான் ஆராய்ச்சி.

"இது எனக்கு இல்ல. பழைய கதைங்கள்ல காடுன்னா என்ன அர்த்தம்னு ஒரு சின்ன ஆராய்ச்சி."

"அப்படியா. மூணாம் பாகமும் உள்ள இருக்கு, வேணுமா?"

"அதுலயும் காடு வருதா?"

"வருது. குளமும் வருது."

"அப்போ எடுத்துத்தானே ஆகணும். குளத்தையும் பாக்க வேண்டியிருக்கு."

கரடி மன்னன் யார் என்று சொல்லிவிடுகிறேன். சாபத்தால் பகலில் கரடியாகத் திரியும் ஒரு ராஜா, அவன் கோட்டைக்குத் தானாகவே வந்து சேரும் ஒரு பெண். அந்த மாதிரிக் கதையைச் சிறு வயதில் நமக்கும் சொல்லியிருப்பார்கள். கல்யாணம் ஆயிற்று, சுகமாக வாழ்ந்தார்கள், தூங்கு, என்று விளக்கை அணைத்துவிட்டுப் போவார்கள். விளக்கை அணைத்த பிறகு என்ன நடந்தது என்று நாற்பது வருஷமாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்காக எழுதப்பட்ட நான்கு பாகங்கள் இவை. இருட்டு, முள், பூட்டிய அறை, சங்கிலி, நகம். பெரியவர்களுக்கு மட்டும் என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை யாரும் அவசரமாகப் புரட்டுவதில்லை.

நானும் படித்தேன். பக்கங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியது ஊழியரின் கடமை.

இதில் என்னதான் இருக்கிறது என்று கேட்கிறீர்களா? பயம் இருக்கிறது, ஆனால் நம் கைக்குள் அடங்கும் பயம். காட்டின் நடுவே கரடி பல்லைக் காட்டும் நேரத்தில் அடுப்பில் உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் என்ற எங்கள் ஊர்ப் பதார்த்தம் கருகும் வாசனை வந்தால், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் அடுப்பை அணைக்கலாம். திரும்பி வரும்வரை கரடி அப்படியே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். நிஜத்தில் எந்த ஆபத்து நமக்காக இப்படிக் காத்திருக்கிறது? போதாததற்கு அந்தப் பெண்ணுக்கு வேண்டியது என்ன என்று கேட்காமல் கரடி ஓர் அடி எடுத்து வைப்பதில்லை. இதைப் படித்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே நாற்காலியில் கணவர் மீன்பிடித் தூண்டிலைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் ஊரில் அது நடக்காது. அமோக விளைச்சல் என்றால் "மோசமில்ல" என்போம். பேரன் பிறந்தால் "மோசமில்ல". ஐம்பதாவது திருமண நாளில் மனைவியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னால் கணவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, அதே ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு உட்காருவார். அந்த அம்மாள் அழுதுவிடுவாள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு கரடியைப் பிடித்திருக்கிறது என்று யார் சொல்வது?

சொல்ல வேண்டிய நாள் போன ஏப்ரலில் வந்தது.

தானியக் கிடங்கில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஆரின் ஹாக்லண்ட், இந்தப் புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று புகார் கொடுத்தார். புகார் கொடுக்க எங்களிடம் ஒரு படிவம் உண்டு. நூலை முழுவதும் படித்தீர்களா, ஆட்சேபமான பக்கங்கள் எவை என்று அது கேட்கும். வழக்கமாக அந்தக் கேள்வியிலேயே ஆட்கள் கழன்றுகொள்வார்கள். ஆரின் கூடுதலாக ஏழு தாள் இணைத்திருந்தார், பக்க எண், வரி எண்ணோடு.

நூலகக் குழு செவ்வாய் மாலை நான்கு மணிக்குக் கூடியது. நான்காம் பாகம் அன்று காலைதான் வந்திருந்தது, என் மேசைக்கு அடியில் பிரிக்காத பெட்டியில் கிடந்தது. தீர்ப்பு எதிராக வந்தால் பெட்டி அப்படியே திரும்பிப் போகும். அதற்காகப் பதினோரு மாதமாக வரிசையில் முதல் ஆளாகக் காத்திருந்தவர் ஆர்டிஸ் டோலெஃப்ஸ்ருட், பள்ளிக்கூடத்தில் சமையல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். யார் என்ன படிக்கிறார்கள் என்பதை நாங்கள் வெளியே சொல்லக் கூடாது. அவரே எழுந்து சொல்லிவிட்டதால் நான் சொல்கிறேன்.

ஆளுக்கு மூன்று நிமிஷம். ஆறு பெண்மணிகள் வரிசையாக எழுந்து புத்தகங்களுக்கு ஆதரவாகப் பேசினார்கள். ஒருவர் காட்டின் குறியீட்டை ஆராய்வதாகச் சொன்னார், ஒருவர் உளவியல் கோணம் என்றார், இன்னொருவர் அந்தக் காலத்துக் கோட்டைகளின் கட்டடக்கலை என்றார். கட்டடக்கலை என்றவருக்கு ஆறு அறைகள் மனப்பாடமாகத் தெரிந்திருந்தன.

குழுத் தலைவி லவான் ஸ்கோக்மோ எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அப்போ எல்லாருக்கும் ஆராய்ச்சிக்குத்தான் வேணும். ஆராய்ச்சிப் புத்தகம்னா பல்கலைக்கழகத்துலேர்ந்து வரவழைச்சுத் தரலாமே. நாம ஏன் வெச்சிருக்கணும்? சும்மா படிக்கணும், புடிச்சிருக்குன்னு யாராவது இருக்கீங்களா?"

இந்த இனத்துக்கு இதைவிடப் பெரிய கண்ணி யாராலும் வைக்க முடியாது. ஆறு பேரும் எலுமிச்சைக் கேக் துண்டுகள் இருந்த தட்டையே பார்த்தார்கள். ஊழியர் பேசக் கூடாது என்று விதி இருப்பதை நினைத்து எவ்வளவு நிம்மதிப்பட்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஏழாவதாக ஆர்டிஸ் எழுந்தார். கையில் குறிப்புத் தாள் வைத்திருந்தார். அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு ஆராய்ச்சி ஒண்ணும் கெடையாது. யாருக்கு என்ன புடிக்கும்னு கேட்டுக் கேட்டே ஆயுசு பூரா பரிமாறினவ நான். அந்தக் கரடி ஒரு முழுப் பக்கத்துக்கு, உனக்கு என்ன வேணும்னு அவளைக் கேட்டுட்டு பதிலுக்கு உக்காந்திருக்கு. அது எனக்குப் புடிச்சிருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "மத்ததும் புடிச்சிருக்கு."

உட்கார்ந்தார். காது வரை சிவந்திருந்தது. பக்கத்தில் இருந்த அவர் கணவர் டேல் மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் அந்த அமைதியில் கூடம் முழுவதும் கேட்டது.

"எந்தப் பக்கம் அது?"

"நூத்தி எழுவத்தெட்டு," என்றார் ஆரின்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆரின் தன் ஏழு தாள்களை அடுக்கிச் சரிசெய்தார்.

"நீங்க முழுசா படிச்சீங்களா ஆரின்?" என்றார் லவான்.

"மூணு பாகமும் படிச்சேன். ரெண்டு தடவை. பக்க நம்பர் தப்பாப் போட்டா நல்லா இருக்காதில்ல?"

"நாலாவது?"

"வரிசையில பதினொண்ணாவதா இருக்கேன்."

"இன்னிக்கே எடுத்துட்டா உங்களுக்கும் கெடைக்காதே."

ஆரின் இதை யோசித்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தொப்பியைக் கழற்றினார், உள்ளே பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். முழுசா படிக்காம குத்தம் சொல்றது நியாயமில்ல."

லவானுக்கு நியாயம் முக்கியம். புகார் சொல்பவரே முழுவதும் படிக்க வேண்டும் என்றால், தீர்ப்புச் சொல்பவர்கள் படிக்காமல் இருக்கலாமா? குழுவில் ஐந்து பேர். நான்கு பாகமும் சேர்ந்த தொகுதி ஆளுக்கு ஒன்றாக ஐந்து வாங்குவது, அனைவரும் படித்து முடிக்கும்வரை தீர்ப்பை நிறுத்திவைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. எதற்காக வாங்குகிறார்கள் என்று தீர்மானப் புத்தகத்தில் ஓர் இடம் உண்டு. அதில் "ஆராய்ச்சி" என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆர்டிஸ் நான்காம் பாகத்தை வாங்கிக்கொண்டு, மேலே தக்காளியும் கீழே நார்வேயும் இல்லாமல், அட்டைப்படம் வெளியே தெரியக் கையில் பிடித்துக்கொண்டு கார் வரைக்கும் நடந்தார். டேல் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

அது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. குழுவினர் இன்னும் படித்து முடிக்கவில்லை. இரண்டாம் முறை படிக்கிறார்கள் என்று கேள்வி.

நீங்கள் இந்த இனம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தூர தேசத்து நூலக நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு தூரம் படித்தீர்கள். நம்புகிறேன். காத்திருப்போர் வரிசையில் முப்பத்தொன்றாவது இடம் காலியாக இருக்கிறது. உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், காரணம் நான் கேட்கமாட்டேன்.