ஒட்டாத இரும்பும் ஓர் ஒப்பந்தமும்

இனிமேல் பாத்திரம் கழுவுவதில்லை என்று அவர் சபதம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. முழங்கை வரை சோப்பு நுரை இருந்ததால் சபதத்துக்கு உரிய கம்பீரம் கிடைக்கவில்லை.

மின்காந்த சுவிட்ச் செய்யும் தொழிற்சாலையில் அவர் வடிவமைப்பாளர். ஓர் ஒற்றுப்பிழை இருந்தாலும் வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் அங்கே அவருக்கு 'இலக்கணம்' என்று பெயர். வீட்டில் 'என்னங்க'. பாத்திரம் ஒரு வாரம் அவர், ஒரு வாரம் மனைவி. இது அவர் வாரம்.

அவருடைய புதிய சுவிட்ச் சாப்பாட்டு மேசையில் வீற்றிருந்தது. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் ஓர் இரும்புத் தண்டு உள்ளே ஓடி, அடியிலுள்ள இன்னோர் இரும்பில் போய் உட்காரும். மின்சாரத்தை நிறுத்தினால் ஸ்பிரிங் அதை வெளியே தள்ள வேண்டும். பத்துக்கு நாலு தடவை தள்ளவில்லை. தண்டு அப்படியே ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலை மேலதிகாரி முன்னால் அது நூறு தடவை ஒட்டாமல் ஓடியாக வேண்டும். இல்லையென்றால் வேலை பக்கத்து மேசைக்காரருக்குப் போய்விடும். அவர் சுருளைச் 'சுருல்' என்று எழுதுகிறவர்.

“இன்னிக்கு என்னால பாத்திரம் கழுவ முடியாது,” என்றார் மனைவியிடம்.

“ஏன், கை ஒட்டிக்கிச்சா?”

“தண்டு ஒட்டிக்கிச்சு.”

“கரண்ட்டை நிறுத்தினா விட்டுடாதா?”

“விடாது. கரண்ட் போனாலும் இரும்புல கொஞ்சம் காந்தம் மிச்சம் நிக்கும்.”

“உங்க அக்கா மாதிரி. போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வாசல்ல ஒரு மணி நேரம் நிப்பாங்க.”

“கிண்டல் பண்ணாதே. இதைச் சரி பண்ணிட்டேன்னா ஒரு வருஷம் எனக்குப் பாத்திரம் கிடையாது. சம்மதமா?”

“வாய்ப் பேச்செல்லாம் வேண்டாம். எழுதிக் குடுங்க.”

எழுதச் சொன்னால் அவருக்குக் கரும்பு தின்னச் சொன்ன மாதிரி. எழுதினார்: 'மேற்படி தண்டு ஒட்டாதவாறு செய்தவர் ஓராண்டுக்குப் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை. அப்பணி மற்றவரைச் சாரும்.' அந்த 'ச்' மிகுமா என்று இரண்டு நிமிடம் யோசித்து, மிகும் என்று தீர்ப்பு வழங்கிக் கையெழுத்திட்டார். அவளும் கையெழுத்திட்டாள்.

ஸ்பிரிங்கைக் கடினமாக்கினார். தண்டு உள்ளே போக மறுத்தது. சுருளில் இன்னும் நூறு சுற்றுச் சுற்றினார். ஆசை ஆசையாக உள்ளே போயிற்று. வெளியே வர மறுத்தது. இரண்டு இரும்பின் முகத்தையும் வழவழவென்று தேய்த்தார். மீசை திருத்திக்கொள்ளலாம், அப்படியொரு பளபளப்பு. இப்போது பத்துக்குப் பத்தும் ஒட்டியது.

“இவ்ளோ நெருக்கமா உட்காரணுமா அது ரெண்டும்?” என்றாள் மனைவி.

“நெருக்கமா உட்கார்ந்தாத்தான் அதிராது. உனக்குப் புரியாது.”

“சரி.”

அந்தச் 'சரி'க்கு எந்த அகராதியிலும் பொருள் கிடையாது.

சாப்பிட்டதும் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். நாலு மணிக்கு எழுந்து, நம்பிக்கையில்லாமல் பொத்தானை அழுத்தினார். டக். விட்டார். டொக். டக், டொக். நூறு தடவை. தேய்த்த சூடு ஆறியதும் இரும்புக்குப் புத்தி வந்துவிட்டது என்று அங்கேயே ஒரு கொள்கையை நிறுவி, ஒப்பந்தத்தோடு சமையலறைக்குள் நுழைந்தார்.

“நூறு தடவை. ஒண்ணுகூட ஒட்டல. இந்த சிங்க் இனிமே உன்னோடது.”

“ரொம்ப சந்தோஷம். இதுல ஒரு வார்த்தைதான் எனக்குச் சந்தேகம்.”

சந்தேகம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “கேளு.”

“செய்தவர்னா ஆம்பளையா, பொம்பளையா?”

“நல்ல கேள்வி. செய்தவன் ஆண்பால். செய்தவள் பெண்பால். செய்தவர்ங்கறது மரியாதைக்கு வர்றது. ரெண்டு பேருக்கும் பொது.”

“நிச்சயமா?”

“யாரை வேணா கேட்டுக்கோ.”

“அப்ப அந்தத் தண்டை வெளியே எடுத்துப் பாருங்க.”

எடுத்தார். தண்டின் பளபளத்த முகத்தில், விளிம்பு பிசகாமல் கத்தரித்து ஒட்டியிருந்தது ஓர் ஆப்பிள் பழ ஸ்டிக்கர்.

“டம்ளர் ரெண்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டா உயிரை வாங்கும். நடுவுல காகிதம் வெச்சு அடுக்கினா மாட்டாது. நீங்க தூங்கறப்ப இதுக்கும் அதையே பண்ணினேன். நாளைக்கு அங்க நீங்க தலைகுனிஞ்சு நிக்கக் கூடாதில்ல?”

இருந்த இடைவெளியைத் தேய்த்தே ஒழித்தவர் தாம்தான் என்பது அவருக்கு உறைத்தது. ஒட்டியதால் ஒட்டவில்லை. அந்த வாக்கியத்தில் எவ்வளவு தேடியும் பிழை அகப்படவில்லை.

மறுநாள் காகிதம் இருந்த இடத்தில் மெல்லிய பித்தளைத் தகடு ஏறியது. நூறும் தேறியது. மேலதிகாரி முதுகில் தட்டி, இதைவிடப் பெரிய சுவிட்ச் ஒன்றையும் கொடுத்தனுப்பினார். மாலையில் அவர் கடைசித் தட்டையும் கழுவிக் கவிழ்த்து, கையைத் துடைத்துக்கொண்டு ஒரு புதுத் தாளோடு வந்தார்.

“இதுக்கும் ஒரு ஒப்பந்தம். ஆனா இந்தத் தடவை 'செய்தவன்'னுதான் எழுதுவேன்.”

“தாராளமா எழுதுங்க. ஒட்டிக்கிச்சுன்னா என்னைக் கூப்பிடக் கூடாது, அவ்ளோதான்.”

சொன்னபடியே 'செய்தவன்' என்று எழுதினார். பிறகு 'ன்' என்பதை அடித்துவிட்டு, நல்ல கையெழுத்தில் 'ள்' போட்டார்.