யோசனைக் கிராணியும் இரண்டு சைக்கிளும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. மலாயாவில் இந்தப் பேராக் முழுக்க எத்தனையோ மனிதரைப் பார்த்துவிட்டேன். எங்கள் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, யோசனைக் கிராணியைப் போல யோசித்தவரைப் பார்த்ததில்லை. தேத்தண்ணியில் சீனி போடலாமா வேண்டாமா என்று அவர் முடிவுக்கு வருவதற்குள் அது ஆறி, ஈ விழுந்து, ஈயும் செத்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். விடியுமுன் பெரட்டில் எங்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது கிராணியின் வேலை. வீடு ஐந்து மைல் தள்ளி, பட்டணத்தில். கிழட்டுச் சைக்கிளில் வருவார். அது போடும் சத்தத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து நாய்கள் எழுந்து உட்கார்ந்துவிடும்.

ஒரு மாதத்தில் மூன்று முறை வழியில் செயின் கழன்று, பெரட்டு தாமதமானது. வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குக் கோபம். "இன்னும் ஒரு நாள் லேட்டு, நீ வராதே! வேற கிராணி வரும்!"

பெண்கள் எங்களுக்குத்தான் அவர் போகக் கூடாது. கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு ஓடி வருவதற்குள் வேறு கிராணி என்றால் பெயரை அடித்துவிடுவான், அன்றைய கூலி போச்சு. இவர் பென்சிலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, "வந்துட்டாளா, வரலையா..." என்று யோசிப்பார். அதற்குள் நாங்கள் வரிசையில் நின்றுவிடுவோம்.

அன்று என்னிடமே கேட்டார். "செல்லம்மா, பழசையே சரி பண்ணலாமா, புதுசு வாங்கிடலாமா?"

"புதுசு வாங்குங்கய்யா."

"புலி திரியுற பாதைம்மா. பழசு முனியாண்டிக்குப் பூசை போட்ட சைக்கிளு. இதுவரைக்கும் ஒரு புலி கிட்ட வந்துச்சா?"

"வரலைங்க."

"அதான் யோசிக்கிறேன்."

பட்டணத்துச் சைக்கிள் கடை முதலாளி, சீனத் தவுக்கேயிடம் போனார். "அண்ணே, ரோடு மோசம் லா. சக்கரம் மாத்து, போதும்" என்றான் அவன். மாற்றினார். புதுச் சக்கரத்துக்குக் காவல் வேண்டாமா? முனியாண்டிக்கு ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சுருட்டு. அடுத்த வாரம் ஹாண்டில். மறுபடி பழம், சுருட்டு. பிறகு செயின், சீட்டு, கடைசியில் சட்டமும். அந்த மாதம் முனியாண்டி சுருட்டை அணைக்கவே இல்லை.

எல்லாம் மாற்றியபின் முனியாண்டி கோயில் பூசாரியைக் கேட்டார். "இப்ப இது பழசா, புதுசா?"

பூசாரி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "பழசுதாங்க. ஆனா... பழசு எதுவும் இல்லீங்களே?"

கிராணிக்குத் தலை சுற்றியது. காவல் எதில் இருக்கிறது, சக்கரத்திலா, சட்டத்திலா? வம்பே வேண்டாம், முழுசாகப் புதிதாக ஒன்று வாங்கி முதலிலிருந்து பூசை போடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை தவுக்கே கடைக்குப் போனார். பச்சைச் சாயம் பூசிய ஒன்று நின்றது. ஏறி உட்கார்ந்தாராம், சொந்த வீட்டு நாற்காலி போல இருந்ததாம். யோசிக்காமல் வாங்கியது அது ஒன்றைத்தான்.

மாலையில் கோயிலுக்குக் கொண்டு வந்தார். சந்தனம் வைக்கக் குனிந்த பூசாரி சீட்டுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்து அலறினார். "ஐயா! இது நான் போன வருசம் வச்ச சந்தனம்ங்க!"

கழற்றிப் போட்டதையெல்லாம் தவுக்கே மறுபடி பூட்டி, சாயம் அடித்து, அவருக்கே விற்றுவிட்டான்.

"அப்ப எதுதான் முனியாண்டி சைக்கிளு?"

"என்னைக் கேக்காதீங்கய்யா" என்று பூசாரி சுருட்டைத் தானே பற்ற வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை விடியற்காலை துரை கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பனிக்குள்ளிருந்து கிராணி வந்தார், நடந்து. இடது கையில் ஒரு சைக்கிள், வலது கையில் ஒரு சைக்கிள், இரண்டையும் தள்ளிக்கொண்டு.

"கிராணி! ரெண்டு சைக்கிள் இருக்கு, ஏன் நடந்து வரே?"

"எதுல ஏறுறதுன்னு யோசிச்சுக்கிட்டே நடந்தேன், தொரை. தோட்டம் வந்துருச்சு."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். பெரட்டுக்கு இன்னும் கால் மணி இருந்தது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

அன்றைக்கும் என் பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. நான் ஓடி வந்தபோது என் பெயர் கூப்பிட்டாகிவிட்டது. ஐந்து மைல் நடந்து கால் வீங்கி நின்றவர், என் பெயரை அடிக்காமல், பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி நான் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கமலா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைப் படிச்சுக் காட்டு. அந்த மனுசன் பனியில நடந்து வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் மெதுவாப் படிம்மா.