தண்ணி இல்லாத கடை

எனக்கு நேர்ந்த அவமானங்களில் பெரும்பாலானவை வாயைத் திறந்ததால் வந்தவை. மிகப் பெரியது மட்டும் ஒரு சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டதால் வந்தது. ‘வைன்’ என்று அம்மாவின் முன்னால் சொல்ல எனக்கு நா எழவில்லை. அப்போது எனக்கு முப்பது வயது. (மீசையும் வைத்திருந்தேன்.)

மொன்றியலில் ஒரு வழக்கம் உண்டு. சில சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் மது விற்கமாட்டார்கள். ‘உங்கள் வைனை நீங்களே கொண்டு வாருங்கள்’ என்று பிரெஞ்சில் கண்ணாடியில் எழுதியிருக்கும். சனிக்கிழமை பின்னேரங்களில் ஆட்கள் போத்தலைக் கடதாசிப் பையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். கடை கிளாஸ் தரும், தக்கையையும் திறந்து தரும். வில்லரேயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் கிரேக்கர் ஒருவர் நடத்திய கடை அப்படிப்பட்டது. நல்ல மீன் சுட்டுத் தருவார்கள். அங்கேதான் என்னுடைய கலியாணப் பேச்சு நடப்பதாக இருந்தது.

நான் ஜெனிற்றாவை விரும்பினேன். அவள் மன்னார்க் கத்தோலிக்க வேதக்காரர் வீட்டுப் பெண். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். (சமயத்தில்தான் சைவம், சாப்பாட்டில் மீன் உண்டு.) அம்மா இதைப் பெரிதாக எடுக்கவில்லை. சிக்கல் ஜெனிற்றாவின் அப்பா சவிரிமுத்தரிடம் இருந்தது. முன்னொரு காலத்தில் அவருடைய தங்கையைப் பெண் பார்க்க ஒரு சைவக் குடும்பம் வந்ததாம். வந்தவர்கள் அவர் வீட்டில் ஒரு மிடறு தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. தாங்கள் கொண்டுவந்த போத்தலில் இருந்தே குடித்துவிட்டுப் போனார்களாம். கலியாணம் நடந்தது, பிள்ளைகளும் பிறந்தார்கள். ஆனால் அந்தப் போத்தல் அவருடைய நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

“அப்பா வேண்டாமெண்டு சொல்லேல்லை,” என்றாள் ஜெனிற்றா. “உங்கட ஆக்களோட ஒருக்கா இருந்து சாப்பிட்டிட்டுத்தான் சொல்லுவாராம். எங்களைக் குறைவா நினைப்பினமோ எண்டு அவருக்கு ஒரே யோசனை.”

சவிரிமுத்தர் ஞாயிறு பூசை முடிந்து வந்தால் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் வைன் எடுப்பவர் என்பது எனக்குத் தெரியும். “வைன் எங்கட பொறுப்பு எண்டு அப்பாவிட்டச் சொல்லும்,” என்று பெரிய மனிதத் தோரணையில் சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் யாரும் கட்டுப்பெட்டி இல்லை என்று காட்டுவது திட்டம். அந்தப் போத்தல் என் கையால் இல்லாமல் அக்காவின் புருஷன், அதாவது அத்தானின் கையால் மேசைக்கு வரவேண்டும் என்பது திட்டத்தின் இரண்டாம் பகுதி. (பழி வந்தால் மருமகன் தலையில் விழட்டும். மருமகன்களை அம்மா ஏசமாட்டார்.)

அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மா பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினேன்.

“அத்தான், அந்தக் கடையில தண்ணி இல்லை. நாங்கள்தான் கொண்டுபோகோணும். நீங்கள் வரேக்க ரெண்டு போத்தல் கொண்டு வாங்கோ.”

“ஓம், ஓம், விளங்குது,” என்றார் அத்தான். ஆண்கள் எல்லோருக்கும் விளங்குகிற தண்ணி அது.

அம்மாவுக்கும் விளங்கியது. ஆனால் அவருக்கு விளங்கியது வெறும் தண்ணி. நான் குளிக்கப் போன நேரம் பார்த்து அத்தானை அழைத்திருக்கிறார்.

“தம்பி, தண்ணிக்கு நீங்கள் கரைச்சல்படாதேங்கோ. நான் கொண்டுவாறன். ஏழு பேருக்கு ரெண்டு போத்தல் எந்த மூலைக்கு?”

அத்தான் அப்படியே கட்டிலில் இருந்துவிட்டாராம். மாமியார் வாயில் இருந்து இப்படி ஒரு வசனத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. கனடா வந்து மாமி நன்றாக முன்னேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, “சரி மாமி,” என்று மட்டும் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சனிக்கிழமை கடையில் எல்லோரும் இருந்தோம். சவிரிமுத்தர் கோட் சூட் போட்டு, நிமிர்ந்து, அதிகம் கதைக்காமல் இருந்தார். பரிசாரகப் பெண் ஏழு வைன் கிளாஸ்களை வைத்துவிட்டு, தக்கை திறக்கும் கருவியைக் கையில் பிடித்தபடி, “பொன்சுவா” என்று மாலை வணக்கம் சொல்லி, “வைன் எங்கே?” என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் பயபக்தியோடு அம்மாவைப் பார்த்தார். ஏதோ தன்னைத்தான் கேட்கிறாள் என்று விளங்கிக்கொண்ட அம்மா, காலடியில் இருந்த பெரிய பையைத் தூக்கி மடியில் வைத்தார்.

ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து போத்தல்கள் வெளியே வந்தன. எல்லாம் பழைய கோலாப் போத்தல்கள். உள்ளே இளமஞ்சள் நிறத்தில் சீரகம் அவித்த தண்ணி. சீரகத்தில் கொஞ்சம் அடியில் தங்கியிருந்தது. பரிசாரகப் பெண் அதைப் பார்த்தாள், தன் கையில் இருந்த கருவியைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

நான் சவிரிமுத்தரைப் பார்த்தேன். அவர் போத்தல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இரத்தம் இல்லை. வைன் வரும் என்று சொல்லி அழைத்த சைவக்காரர், தங்கள் தண்ணீரைத் தாங்களே கட்டிக்கொண்டு வந்து மேசையில் வைத்திருக்கிறார்கள். ஜெனிற்றா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

“கடைத் தண்ணி குடிக்க மாட்டியளோ?” என்று கேட்டார் சவிரிமுத்தர். மெதுவாகத்தான் கேட்டார்.

“இந்தக் கடையில தண்ணி இல்லையாம், அண்ணை,” என்றார் அம்மா. “இவன் தம்பிதான் சொன்னவன்.”

அந்த நேரம் பார்த்துப் பரிசாரகப் பெண் திரும்பி வந்தாள். வைன் கொண்டுவராத பாவப்பட்ட மேசை என்று இரங்கியிருக்க வேண்டும். ஒரு பெரிய சாடி நிறையத் தண்ணீர், மேலே ஐஸ், எலுமிச்சை வட்டங்கள். அதை நடுமேசையில் வைத்துவிட்டுப் போனாள். என் கலியாணம் அந்தச் சாடியில் மூழ்குவதை நான் கண்ணால் கண்டேன்.

அம்மா சாடியைப் பார்த்து வியந்துபோனார். ஆனால் கை நிற்கவில்லை. முதல் போத்தலைத் திறந்து சவிரிமுத்தரின் கிளாஸில் விளிம்புவரை ஊற்றினார். “முதல்ல நீங்கள் குடியுங்கோ, அண்ணை. மீன் சாப்பிடேக்க இது நல்லது.”

முதல் கிளாஸ் தனக்கு ஊற்றப்பட்டதை அவர் கவனித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீர் அம்மாவுக்கு என்ன சொன்னனீர்?”

“அம்மாவுக்கு ஒண்டும் சொல்லேல்லை, அங்கிள். தண்ணி கொண்டுவாங்கோ எண்டு அத்தானுக்குத்தான் சொன்னனான்.”

“ஓ. அத்தானுக்கோ?”

அத்தான் சாப்பாட்டு அட்டையைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். சவிரிமுத்தர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வைன் கிளாஸில் நின்ற சீரகத் தண்ணியைப் பார்த்தார். அவருடைய தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கின. சிரிப்பை இருமலாக மாற்ற அந்த மனிதர் பட்ட பாட்டை நான் மறக்கமாட்டேன்.

அம்மா சாடியைக் காட்டி, “இங்க தண்ணி இருக்குதே?” என்றார், பாவமாக.

“தம்பி சொன்ன தண்ணி வேற, தங்கச்சி,” என்றார் சவிரிமுத்தர். “உங்கட தண்ணிதான் நல்லது.” முழுவதையும் குடித்து முடித்து, கிளாஸை மறுபடி அம்மாவிடம் நீட்டினார். அம்மாவை ஒருவரும் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதில் அவர் அன்று கவனமாக இருந்தார். அந்த இரண்டாவது கிளாஸில் எனக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கியது. மீனில் போட்ட எலுமிச்சம்புளி தெறித்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.

கலியாண வீட்டில், மற்றத் தண்ணி உள்ளே போன உற்சாகத்தில், அத்தான் முழுக் கதையையும் அம்மாவிடமே சொல்லிவிட்டார். தன் அப்பாவின் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களின் போத்தல் கதையை ஜெனிற்றா சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை. “கடவுளே, அந்த மனுசன் என்ன பாடுபட்டிருக்கும்,” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் உள்ள சவிரிமுத்தர் வீட்டுக்குப் போனார். கையில் ஒரு பை. உள்ளே ஒரு வைன் போத்தல். சேலைக்கு மேலே குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு, தனியாக மதுக்கடைக்குப் போய், வரிசையில் நின்று வாங்கியிருக்கிறார். அக்காவின் பிள்ளை பாலர் காப்பகத்தில் படித்த பிரெஞ்சு நிறங்களில் ஒன்று நினைவிருந்ததாம். சிவப்புக்கு “ரூஜ்” என்று கேட்டாராம். தந்தார்களாம்.

“அண்டைக்குக் கொண்டுவந்தது பிழையான தண்ணி, அண்ணை,” என்று போத்தலை நீட்டினார்.

சவிரிமுத்தர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். “உங்களுக்கு என்ன தரட்டும், தங்கச்சி?” என்றார்.

“எனக்கு உங்கட வீட்டுப் பைப்புத் தண்ணி தாங்கோ.”

அவரே போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தரச்சொல்லிக் கிளாஸை நீட்டினார்.

இப்போதும் எங்கள் இரண்டு குடும்பமும் வெளியே சாப்பிடப் புறப்பட்டால், அத்தான் தொலைபேசியில் கேட்கிற முதல் கேள்வி, “தண்ணி ஆர் கொண்டுவாறது?” என்பதுதான். என்னைப் பதில் சொல்ல அம்மா விடுவதில்லை. தொலைபேசியை வாங்கி அவரே கேட்பார்:

“எந்தத் தண்ணி, தம்பி? வடிவாச் சொல்லுங்கோ.”